குதிரை மசாலும் வரப்புப் புல்லும்

போன ஆனியில், சாரல் தொடங்கியிருந்த நேரம், தென்காசிக்குப் போயிருந்தேன். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் எங்கள் பக்கம் வரப்பெல்லாம் பச்சை பிடித்துவிடும். அத்தையோடு மாட்டுக்குப் புல் அறுக்கப் போனேன். நன்றாக வளர்ந்திருந்த ஒரு வரப்பில் அரிவாளை வைக்கப் போனபோது, "ஏல, அங்க அறுக்காத. மருந்து அடிச்சிருக்கு" என்றாள். பார்த்தால் பச்சையாகத்தான் இருந்தது. "இன்னைக்குப் பச்சையாத்தான் இருக்கும். நாலஞ்சு நாள் கழிச்சு வந்து பாரு."

திரும்பி வரும்போது அவளே சொன்னாள்: "முன்னால களை எடுக்க வாரவளுக்குக் கூலியோட களையும் சேர்த்திதான். கட்டித் தூக்கிட்டுப் போயி ஆட்டுக்குப் போடுவா. இப்பம் களைய மருந்து தின்னுது. ஆட்டுக்கு நாம தீவனம் வாங்குதோம்."

இதை அலுவலகத்தில் ஒரு நண்பனிடம் சொன்னேன். "மருந்துக்குச் சாகாத தீவனப் பயிர்னு ஒண்ணு இருக்கே, அதப் போட்டா முடிஞ்சுதே" என்றான். மென்பொருள்காரனின் பதில். எல்லாவற்றையும் தடுக்கும் விதி ஒன்று, அதற்கு ஒரே ஒரு விலக்கு. எனக்கும் முதலில் அது சரியாகத்தான் பட்டது.

அப்படி ஒரு பயிர் உண்மையிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அல்ஃபால்ஃபா அல்லது லூசர்ன். நம் வேளாண் புத்தகங்களில் அதன் பெயர் குதிரை மசால்.

பெயரிலேயே குதிரை இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அல்ஃபால்ஃபா என்ற சொல் அரபி வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அதன் வேர் பழைய பாரசீகத்தில் 'குதிரைத் தீனி' என்று பொருள்படும் சொல். டேரியஸின் படையெடுப்புக் காலத்தில் பாரசீகர்களோடு இந்தச் செடி கிரேக்கத்துக்கு வந்தது என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். படை எங்கே போனதோ அங்கெல்லாம் குதிரை போனது, குதிரைக்குப் பின்னால் அதன் தீனியும் போனது.

எங்கள் ஊர்ப் பக்கம் நடந்தது வேறு. குற்றாலத்தில் பிறக்கும் சிற்றாறு தாமிரபரணியில் சேர்கிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் பாண்டியர்களின் காயல் துறைமுகம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வந்த மார்க்கோ போலோ, பாண்டியர்கள் அரேபிய, பாரசீகக் குதிரைகளைப் பெரும் விலை கொடுத்து வாங்கியதையும், அவை ஒரு வருடம் தாண்டிப் பிழைப்பதே அரிது என்பதையும் சொல்கிறார். இறைச்சியைச் சோற்றோடு சமைத்துக் குதிரைக்குப் போட்டார்களாம். அவர் சொல்லும் இன்னொரு விஷயம்தான் என்னை நிறுத்தியது. குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை இந்தப் பக்கம் வரவிடாமல் வியாபாரிகளே தடுத்தார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம்.

போலோ கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடியவர் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பொருளை வாங்கி, அதைப் பராமரிக்கும் அறிவை மட்டும் விற்றவன் கையிலேயே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் எனக்கு உதாரணம் கிடைக்கவில்லை.

இனி நவீன கதை. 1970இல் மான்சாண்டோ நிறுவனத்தின் வேதியியலாளர் ஜான் ஃப்ரான்ஸ், கிளைபோசேட்டின் களைக்கொல்லிக் குணத்தைக் கண்டுபிடித்தார். 1974இல் அது ரவுண்டப் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. செடிகள் சில அமினோ அமிலங்களைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அதற்கு வேண்டிய ஒரு நொதியை இந்த மருந்து அடைத்துவிடும். செடி மெதுவாகப் பட்டினியில் சாகும். அத்தை சொன்ன 'நாலஞ்சு நாள்' கணக்கு இதுதான். மிருகங்களுக்கு இந்த நொதி கிடையாது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், லூலிங் என்ற ஊரில், கிளைபோசேட் தயாரிக்கும் ஆலையின் கழிவில் ஒரு பாக்டீரியா உயிரோடு இருந்தது. அதனிடம் இருந்த நொதியை மருந்தால் அடைக்க முடியவில்லை. அந்த மரபணுவைப் பயிருக்குள் வைத்தார்கள். 1996இல் சோயா வந்தது. 2005இல் குதிரை மசாலுக்கு அனுமதி கிடைத்தது.

நன்மை இல்லாமல் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. குதிரை மசால் நாற்றுப் பருவத்தில் மெதுவாக வளரும், களை முந்திக்கொள்ளும். ஒருமுறை விதைத்தால் மூன்று நான்கு வருடம் நிற்கும் பயிர் என்பதால் நடுவில் உழுது களையை ஒழிக்க வழியில்லை. கஸ்குட்டா என்ற ஒட்டுண்ணிக் கொடி படர்ந்தால் வயலையே தின்றுவிடும். அதன் விதை மசால் விதையோடு கலந்தே வரும். மருந்துக்குத் தாங்கும் மசாலில் இதையெல்லாம் ஒரு தெளிப்பில் அடக்கலாம். மாட்டுக்கு ஆகாத விஷக் களைகளும் தீவனத்தில் கலக்காது. இந்தப் பயிரைத் தின்ற மாட்டின் பாலில் வித்தியாசம் எதுவும் ஆய்வுகளில் தெரியவில்லை.

வழக்குப் போட்டவர்கள் மாட்டைப் பற்றி மட்டும் கவலைப்பட்டவர்கள் அல்ல. கீர்ட்சன் சீட் ஃபார்ம்ஸ் என்ற விதை உற்பத்தியாளரும் வேறு சிலரும் கேட்டது தேனீயைப் பற்றி. குதிரை மசாலுக்கு மகரந்தம் சுமப்பது தேனீக்கள். பக்கத்து வயல் மகரந்தம் என் வயலுக்கு வந்தால் என் விதையை நான் எப்படி 'கலப்பில்லாதது' என்று விற்பேன்? 2007இல் நீதிபதி சார்லஸ் பிரேயர், சுற்றுச்சூழல் தாக்கத்தை முழுதாக ஆராயாமல் அனுமதி கொடுத்தது தவறு என்று அதை ரத்து செய்து, புதிதாக விதைப்பதற்கும் தடை போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே நீதிபதியாக இருந்த அவருடைய அண்ணன் ஸ்டீபன் பிரேயர் விலகிக்கொண்டார். 2010 ஜூனில் 7-1 என்ற கணக்கில், விதைப்பு மீதான தடை அளவுக்கு மீறியது என்று தீர்ப்பு வந்தது. 2011 ஜனவரியில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பயிருக்கு மறுபடி அனுமதி கொடுத்தார்கள்.

பிறகு நடந்ததும் பதிவாகியிருக்கிறது. சாலையோரத்தில் தானாக முளைத்த குதிரை மசாலை அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் சோதித்தார்கள். 2015இல் வெளியான முடிவில், கால்வாசிக்கும் மேற்பட்ட இடங்களில் மாற்றப்பட்ட மரபணு இருந்தது. 2014இல் இந்தக் கலப்புக்காகவே சீனா அமெரிக்கத் தீவனக் கட்டுகளைத் திருப்பி அனுப்பியது. இன்னொரு பக்கம், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததில் களைகளே அதைத் தாங்கப் பழகிக்கொண்டன. முதல் உதாரணம் 1996இல் ஆஸ்திரேலியாவின் ரைகிராஸ் புல். அதற்குள் எந்த மரபணுவையும் யாரும் வைக்கவில்லை. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

இந்தியாவில் இந்தக் கதவு பாதி திறந்து பாதி மூடிக் கிடக்கிறது. களைக்கொல்லி தாங்கும் மரபணுவைச் சுமக்கும் டிஎம்ஹெச்-11 கடுகுக்கு 2022இல் ஒப்புதல் கிடைத்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் அதில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். அதே 2022இல் கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள் மட்டுமே தெளிக்கலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. எங்கள் வரப்புக்கு அந்த அறிவிப்பு வந்து சேரவில்லை என்பதை நானே பார்த்தேன். இந்தப் பயிர் இங்கே வந்தால் என் பயம் முதலில் அங்கேதான். மருந்து பயிரைக் கொல்லாது என்று தெரிந்தால் தெளிக்கிற கை நிற்காது.

வெளியிலிருந்து வந்த செடி என்பதற்காக நான் எதையும் மறுக்க முடியாது. குற்றாலத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனி சாதிக்காயும் கிராம்பும் வைத்துப் பார்த்திருக்கிறது. டச்சுக்காரர்கள் சாதிக்காய் வேறெங்கும் முளைத்துவிடக் கூடாதென்று சுண்ணாம்பில் முக்கி விற்ற காலம் ஒன்று இருந்தது. விதையைப் பூட்டி வைக்கும் ஆசை பழையது. பூட்டு மட்டும் இன்று ஒப்பந்தமாகவும் காப்புரிமையாகவும் மாறியிருக்கிறது.

ஆகவே நண்பனுக்கு என் பதில் இது. தென்காசிப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு இப்போது கை கொடுப்பது கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்டது, ஏக்கருக்கு வருடம் 150 டன் வரை தரும் என்பது அவர்கள் கணக்கு. அதற்கு விதை வாங்க வேண்டாம். பக்கத்துத் தோட்டத்தில் நாலு கரணை கேட்டால் கொடுப்பார்கள். ஒருமுறை அடர்ந்துவிட்டால் கீழே களைக்கு வெயில் கிடைக்காது. அமெரிக்கப் பண்ணையில் களை என்பது தீவனத்துக்குள் புகுந்த குப்பை. எங்கள் வயலில் களை என்பதே ஆடு வளர்க்கும் ஒருத்தியின் தீவனம். அங்கே பிரச்சினையைத் தீர்க்கும் விதி இங்கே அவள் பங்கை அழித்துவிடும்.

ஆனால் அத்தையிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "நாள் முழுக்கக் குனிஞ்சு களை எடுத்துப் பாரு, அப்பம் மருந்து நல்லதா கெட்டதான்னு சொல்லுவ" என்றாள். அது என்னிடம் பதில் இல்லாத கேள்வி. அவள் இடுப்பு வலியை எந்த இயந்திரம், எந்தக் கூலி ஈடு செய்யும் என்று யோசிக்காமல் மருந்தை மட்டும் எதிர்ப்பது எனக்குச் சுலபம். குனிகிறவன் நான் இல்லை.

ஊருக்குக் கிளம்பும் முன், ஐந்தாம் நாள் அந்த வரப்புக்குப் போனேன். முழுக்க மஞ்சளாகிக் கிடந்தது. நடுவில் ஏழெட்டு இடத்தில் மட்டும் ஏதோ பச்சையாக நின்றது. குனிந்து பார்த்தேன், கோரை. மண்ணுக்கடியில் கிழங்கு வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி வருவது. அத்தையிடம் சொன்னேன். "அத மாடும் வாய் வைக்காது" என்றாள்.