மித்ரா மானியம்: மனுவுக்கு முன் பதிவைச் சரிபாருங்கள்

2014இல் பிரதமர் துறையின் கீழ் தொடங்கப்பட்ட செடிக், 2018இல் மித்ரா எனப் பெயர் மாறியது. இந்தியர் மேம்பாட்டுக்கென இதற்கு ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டு வந்துள்ளது.

மானிய அறிவிப்பு வந்தபின் ஆவணம் தேடினால் காலக்கெடு கடந்துவிடும். குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டப்புறச் சங்கங்கள் முதலில் தங்கள் பதிவு நடப்பில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் கணக்கறிக்கையுடன் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்புவது சட்டக் கடமை. இதை இரோசஸ் தளம்வழி செய்யலாம்.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரிலேயே இருக்கட்டும். மலாய்மொழியில் தயாரிக்கும் கெர்த்தாஸ் கெர்ஜாவில் பயன்பெறுவோர் எத்தனை பேர், எந்த மாதம், என்ன செலவு என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அனுப்பாத ஓர் ஆண்டறிக்கையால் தோட்டப் பிள்ளைகளின் டியூஷன் வகுப்பு நின்றுவிடக் கூடாது.