கறுப்புத் தட்டின் ஜாதகம்

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய பழைய கிராமபோன் தட்டைப் பற்றிப் பேச வந்தால் எல்லோரும் பாடகரில் தொடங்குவார்கள். பூச்சியில் தொடங்குவதுதான் நியாயம். சோட்டா நாக்பூர் பக்கத்துக் காடுகளில் புரசு, இலந்தை மரக் கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி, தன் உடம்பைச் சுற்றிப் பிசினைக் கசியவிடும். அதுதான் அரக்கு. பாண்டவர்களைக் கொளுத்தத் துரியோதனன் கட்டிய மாளிகையும், தபால் உறையின் முத்திரையும், கட்டில் காலின் மெருகும் எல்லாம் இதே சரக்குதான். எமில் பெர்லினர் 1890களில் தன் ஒலித்தட்டுக்குத் தோதான பொருளைத் தேடி அலைந்து, கடைசியில் அரக்கில் வந்து நின்றார். அரக்கு ஒட்டுப்பொருள் மட்டுமே. தட்டின் பெரும்பகுதி கல்தூள். கறுப்பு நிறத்துக்குக் கரித்தூள், பிடிமானத்துக்குக் கொஞ்சம் பஞ்சிழை. கையில் எடுத்தால் கனக்கும், தவறவிட்டால் சிதறும்.

ஆக, இந்தத் தட்டின் முதல் பயணம் பாட்டு இல்லாமலே நடந்தது. கல்கத்தா துறைமுகத்திலிருந்து அரக்கு மூட்டை மூட்டையாக ஐரோப்பாவுக்குப் போனது. திரும்பி வந்தபோது அதில் நம்மவர் குரல் இருந்தது. 1902 இறுதியில் லண்டன் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜான் உள்ளிட்டவர்களைப் பதிவு செய்தார். மெழுகில் எடுத்த பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரத் தொழிற்சாலைக்குப் போய், தட்டுகளாகித் திரும்பின. கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் கணீரென்று சொல்லுவார். அது பந்தாவுக்காக இல்லை. ஹானோவரில் இருந்த தொழிலாளிக்கு எந்தப் பாட்டு யாருடையது என்று தெரிய வேறு வழியில்லை என்பார்கள்.

அடுத்த சில ஆண்டுகளிலேயே பதிவு இயந்திரம் சென்னைக்கும் வந்தது. யார் போய்ப் பாடினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய வித்வான்கள் பலர் தயங்கினார்கள். இயந்திரம் குரலை உறிஞ்சிவிடும் என்ற பயம் ஒரு பக்கம். ஒரு மணி நேரம் விரிக்க வேண்டிய ராகத்தை மூன்று நிமிடத்தில் முடி என்று ஒருவன் கடிகாரம் காட்டுவதில் இருந்த அவமானம் இன்னொரு பக்கம். ராமநாதபுரம் பூச்சி சீனிவாச அய்யங்கார் போன்ற சிலர் துணிந்து பாடினார்கள். ஆனால் முதல் சுற்றில் துணிச்சலாக முன்வந்தவர்களில் பெரும்பாலோர் இசைவேளாளர் குலப் பெண்கள்: சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி, பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி. நாளைக்குச் சபாக்களிலும் சட்டசபையிலும் என்னென்னவோ பேசப்படப் போகிற அந்தக் குலத்தின் கலை, அதற்கு முன்பே கறுப்புத் தட்டில் பத்திரமாக ஏறிவிட்டது.

அப்போது ஒலிவாங்கி கிடையாது. சுவரிலிருந்து ஒரு பெரிய புனல் நீட்டிக்கொண்டிருக்கும். பாடுபவர் அதன் வாய்க்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். புனலின் மறுமுனையில் ஒரு மெல்லிய சவ்வு. அது அதிர, அதோடு பூட்டிய ஊசி சுழலும் மெழுகைக் கீறும். மின்சாரம் எதுவும் இடையில் இல்லை, பாடியவரின் மூச்சே உழுகிற ஏர். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் ஊசி துள்ளி மெழுகு பாழாகிவிடும். தாள வாத்தியக்காரர் தள்ளித்தான் உட்கார வேண்டும். பாடியதைப் போட்டுக் கேட்கவும் முடியாது, கேட்டால் மெழுகு தேய்ந்துவிடும். சரியாக வந்ததா என்பது கப்பல் போய்த் திரும்பிய பிறகுதான் தெரியும்.

இவர்களில் கோயம்புத்தூர் தாயியின் தட்டுக்கு நேர்ந்த பயணம் விசித்திரமானது. பழனிக்குஞ்சரம் என்பது இயற்பெயர். 1872இல் பிறந்து 1917இல் மறைந்தவர். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் குரல் ஏராளமான தட்டுகளில் வந்தது. அதில் ஒன்று பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தது. மொரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், ராவெலின் நண்பர், இந்தியாவுக்கு வந்து போனவர், தாயியின் இசைத்தட்டில் மயங்கி அதையே அடியொற்றி ‘ராகமாலிகா’ என்று ஒரு உருப்படி எழுதினார். குரலோடு வாசிப்பது பியானோ. நம் தாள வாத்தியத்தின் அடக்கமான தொப்பியொலி பியானோவில் எப்படி வரும்? கீழ்ஸ்தாயியில் ஒரு குறிப்பிட்ட தந்திக்கு அடியில் ஒரு துண்டு அட்டையைச் செருகச் சொன்னார். பியானோவுக்குள் வேற்றுப் பொருளை வைத்து ஒலியை மாற்றும் வித்தை பின்னாளில் மேற்கில் ஒரு பெரிய மோஸ்தராகவே ஆயிற்று. அதற்கு முன்னோடியாகச் சொல்லப்படும் உருப்படிகளில் இதுவும் ஒன்று. தாயி பாரிசைப் பார்த்ததில்லை, தட்டு பார்த்துவிட்டது. கோயம்புத்தூரில் இன்றைக்கு எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் கிராமபோன் கம்பெனி இங்கேயே தட்டு அழுத்த ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. 1920களின் முடிவில் அது டம்டம்முக்கு மாறியது. மெழுகின் மேல் உலோகப் பூச்சு ஏற்றி எடுக்கும் எதிர்மறை அச்சுகளை நீராவியால் சூடாகும் அழுத்து இயந்திரத்தின் மேலும் கீழும் பொருத்துவார்கள். நடுவில் இரண்டு லேபிள்கள், அவற்றுக்கிடையே சப்பாத்தி மாவு உருண்டை மாதிரி இளகிய அரக்குக் கலவை. ஒரே அழுத்து, உடனே தண்ணீரால் குளிர்ச்சி. விளிம்பைத் தேய்த்துவிட்டால் தட்டு தயார்.

1930களில்தான் தமிழ்நாட்டில் தட்டு மோகம் வெறியாகவே மாறியது. காரைக்குடியில் கிராமபோன் தட்டு விற்றுக்கொண்டிருந்த ஏ.வி. மெய்யப்பன், கூட்டாளிகளோடு சென்னை மவுண்ட் ரோட்டில் ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ்’ தொடங்கி ஜெர்மனியின் ‘ஓடியன்’ தட்டுகளை வெளியிட்டார். ஏவிஎம் என்ற சினிமாச் சாம்ராஜ்யம் முளைத்தது இந்தத் தட்டுக் கடையிலிருந்துதான். 1932 முதல் 1938 வரை பம்பாயையும் சென்னையையும் மையமாக வைத்து ஓடியன் வெளியிட்டவை மட்டும் 2,000 உருப்படிகளுக்கு மேல். கர்நாடக சங்கீதம் அதில் ஒரு பங்குதான். நாடகப் பாட்டு, காங்கிரஸ் பாட்டு, பஜனை, நகைச்சுவைப் பேச்சு எல்லாம் வந்தன. ஒரு முழு நாடகத்தையே பல தட்டுகளில் பிரித்துப் பெட்டியாக விற்றார்கள். ‘டிராமா செட்’ என்று பெயர். வீட்டுத் திண்ணையில் ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டு, திருப்பிப் போட்டு, அடுத்த தட்டை எடுத்து, கோவலன் கதை முடிய இரவாகிவிடும். பாட்டு வரிகளை அச்சிட்ட மலிவுப் புத்தகங்கள் தனி வியாபாரம்.

பணம் புழங்கும் இடத்தில் உரிமைச் சண்டை வராமல் போகாது. பாரதி பாடல்களைத் தட்டில் பதிக்கும் உரிமையை 1934இல் வாங்கியவர் சென்னையில் நகைக் கடை வைத்திருந்த ஜெசிங்லால் மேத்தா. அவரிடமிருந்து பின்னர் மெய்யப்பன் வாங்கினார். அந்த உரிமை 1949இல் அரசுக்கு வந்து பாரதி பொதுச் சொத்தானதன் பின்னணியில் இந்தக் கறுப்புத் தட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. கவிதையை அச்சிடுவதில் கிடைக்காத காசு, பாடுவதில் கிடைத்தது.

மதுரையிலிருந்து வந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, 1926இல் அம்மா சண்முகவடிவின் வீணையோடு ‘மரகத வடிவும்’ பாடிப் பதிந்தாள். எம்.எஸ். சுப்புலட்சுமி என்று ஊர் அறியும் முன்பே தட்டு அறிந்த குரல் அது. மணிக்கணக்கில் தோடி வாசிக்கும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, தட்டுக்காக அதைச் சில நிமிடங்களுக்குள் இறுக்கித் தந்தார். அதுவே தெருத்தெருவாக ஒலித்தது. மிகச் சிலருக்கே வாசிப்பைக் கேட்கும் பாக்கியம் தந்த வீணை தனம்மாள், 1938இல் மறைவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பதிவுக்கு இசைந்தார். எல்லோரிலும் எனக்கு முக்கியமாகப் படுபவர் எஸ்.ஜி. கிட்டப்பா. 1933இல் 27 வயதில் போய்விட்டார். எந்தப் பேசும் படத்திலும் அவர் இல்லை. ‘எவரனி’யும் மற்ற சில பாடல்களும் தட்டில் இல்லாதிருந்தால், செங்கோட்டையிலிருந்து வந்த அந்தக் குரலைப் பற்றிப் பாட்டனார்கள் சொன்ன கதையை மட்டும் வைத்துக்கொண்டு தலையாட்டியிருப்போம்.

வீட்டுக்குள் வந்த தட்டின் எதிரி ஊசி. எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். தட்டிலுள்ள கல்தூளின் ஒரு வேலையே ஊசி முனையைத் தேய்த்துத் தடத்தின் வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான். நம் வீடுகளில் யார் மாற்றினார்கள்? டப்பாவில் இருந்த ஊசி தீரும் மட்டும் ஒன்றையே பத்துத் தரம் ஓட்டினார்கள். மொண்ணை ஊசி தடத்தை அறுத்துக்கொண்டே போகும். நிறையக் கேட்கப்பட்ட தட்டு சாம்பல் பூத்திருக்கும். பளபளவென்று இன்றும் கிடைப்பது அன்றைக்கு யாருக்கும் பிடிக்காமல் போனதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கிக்கும் கொட்டகை வாசலுக்கும் போன தட்டுகள் இன்னும் சீக்கிரம் செத்தன.

இந்தியாவில் 78 கொஞ்சம் அதிகமாகவே ஆயுள் வைத்திருந்தது. மேல்நாடுகள் வினைலுக்கு மாறிய பிறகும், மின்சாரம் இல்லாத ஊர்களில் சாவி கொடுக்கும் பெட்டி ஓடிக்கொண்டிருந்ததால், 1960களிலும் இங்கே 78 அழுத்தினார்கள். பீட்டில்ஸ் பாடல்களே இந்தியாவில் 78ஆக வந்தன. உலகச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றுக்குப் பெரிய விலை தருகிறார்கள். பிறகு எல்பி, அதன் பிறகு கேசட். தட்டுகள் பரணுக்கு ஏறின, பரணிலிருந்து பழைய பேப்பர்காரரிடம் இறங்கின. சென்னையில் அவற்றின் கடைசிச் சத்திரம் மூர் மார்க்கெட். பழைய புத்தகத்துக்கும் கூண்டுக் கிளிக்கும் நடுவே அவை அடுக்கிக் கிடந்தன. 1985 மே 30 அன்று மார்க்கெட் எரிந்தது. அரக்கு நன்றாக எரியும் பொருள் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் பிறகு தட்டின் வாழ்க்கை முழுவதும் சேகரிப்பாளர்கள் கையில். அவர்கள் கூடும் இடத்தில் நின்று பாருங்கள். முதலில் பெயரைப் படிக்க மாட்டார்கள். தட்டை நடு ஓட்டையிலும் விளிம்பிலும் பிடித்து, குழல் விளக்குக்குச் சாய்த்து மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விரல் முட்டியால் லேசாகத் தட்டுவார்கள். முழுத் தட்டு கணகணக்கும், வெடிப்பு விழுந்தது மொத்தென்று ஒலிக்கும். அப்புறம் லேபிளை ஒட்டிய வழுவழுப்பான வளையத்தில் பொறித்த எண்ணைப் பார்ப்பார்கள். லேபிள் பொய் சொல்லலாம், அந்த எண் பொய் சொல்லாது. எந்தப் பதிவு, சுமாராக எந்த ஆண்டு என்பதெல்லாம் அதில்தான். துடைக்க ஒருபோதும் ஸ்பிரிட் தொட மாட்டார்கள். அரக்கு சாராயத்தில் கரைந்துவிடும், பாட்டும் சேர்ந்து போய்விடும். மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் 40,000க்கும் மேற்பட்ட 78 தட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர். அவற்றைப் பற்றிச் சளைக்காமல் எழுதியவர். 1990இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தொடங்கியது. கோட்டயம் மாவட்டம் பிளாஸ்னாலில் ஒரு தனி மனிதர் தன் சேகரிப்பையே கிராமபோன் அருங்காட்சியகமாகத் திறந்து வைத்திருக்கிறார். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தட்டுகளும் உண்டு, பாட்டுப் புத்தகங்களும் உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தின் அருகும் ஆவணங்கள் திட்டத்தில் ஓடியன் தட்டுகள் எண்ணிம வடிவம் பெற்றன. இதில் கவனிக்க வேண்டியது, அந்த வேலைக்குத் தட்டுகளைத் தந்தவர்கள் இந்தியச் சேகரிப்பாளர்கள். பெரிய நிறுவனங்கள் தூக்கிப் போட்டதைத் தனி மனிதர்கள் பொறுக்கி எடுத்தார்கள் என்பதுதான் நம் இசை வரலாற்றின் நிலைமை.

ஆனாலும் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். சந்தையில் சினிமாத் தட்டுக்குத்தான் விலை. தியாகராஜ பாகவதர் என்றால் கை நீள்கிறது. மாவட்ட அளவில் மட்டும் தெரிந்த நாயனக்காரர், ராஜபார்ட் நடிகர், பெயர் மட்டுமே மிஞ்சிய ஒரு பாடகியின் தட்டு என்றால் ஓரத்தில் கிடக்கிறது. பாகவதர் பாட்டு பத்து இடத்தில் பத்திரமாக இருக்கிறது. ஓரத்தில் கிடப்பது ஒரே பிரதியாக இருக்கலாம்.

உங்கள் ஊரில் யாராவது பாடிப் பதிந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பரணில் தட்டு இருந்தால் படுக்க வைத்து அடுக்காமல் நிற்க வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பெயர் தெரியவில்லை என்பதற்காக எடைக்குப் போடாதீர்கள். இரண்டு பக்க லேபிளையும் வளையத்து எண்ணையும் கைபேசியில் படம் எடுத்து, ஒரு நூலகத்துக்கோ விஷயம் தெரிந்த சேகரிப்பாளருக்கோ அனுப்புங்கள். தட்டையே கொடுக்க மனமில்லையென்றால், ஒரு முறை பதிவு செய்துகொள்ளவாவது கொடுங்கள்.