கடைக்காரரிடம் மாற்றம் இல்லை

போன மாதம் என் மகள் தமிழ் வகுப்பு நோட்டைக் கொண்டு வந்து நீட்டினாள். மொழிபெயர்ப்புப் பயிற்சி. "கடைக்காரரிடம் சேஞ்ச் இல்லை" என்று வர வேண்டிய இடத்தில் "கடைக்காரரிடம் மாற்றம் இல்லை" என்று எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்பு மையில் அடித்து, 'சில்லறை' என்று திருத்தியிருந்தார். "ரெண்டுக்கும் ஒரே இங்கிலீஷ் வார்த்தைதானேப்பா, தமிழ்ல மட்டும் ஏன் வேற?" என்று சண்டைக்கு வந்தாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. இருபது வருடமாக வங்கியில் காசை எண்ணிக்கொண்டிருக்கிறவனுக்கு இது தெரியாவிட்டால் எப்படி? விடுமுறை நாளில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். (பி.காம். படித்தவனுக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

முதல் ஆச்சரியம், அவள் எழுதியது அவ்வளவு தப்பில்லை. 'மாறு' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் விற்பது, கொடுத்து வாங்குவது என்றே பொருள் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கும் ஆய்மகள் வருகிறாள். அவள் மோரை 'மாறுகிறாள்'. தானியம் வாங்கிக்கொண்டு போகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி, எருமையாகக் கேட்டு வாங்குகிறாள். என்னிடம் கடன் கேட்டு வந்திருந்தால் ஜாமீன் இல்லாமலே கொடுத்திருப்பேன்! கன்னடத்தில் இன்றைக்கும் 'மாரு' என்றால் விற்பதுதான். தெலுங்கிலோ 'மாரு' என்றால் மாறுவது, 'மார்பு' என்றால் மாற்றம். ஒரே வேர் மூன்று மாநிலத்தில் மூன்று வேலை பார்க்கிறது. ஆங்கில 'சேஞ்ச்' கூட லத்தீனில் பண்டமாற்றைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதானாம்.

வங்கிக்காரன் கண்ணோடு பார்த்தால் தமிழில் இந்தக் குடும்பம் பெரியது. பண்டமாற்று, நாணயமாற்று. காலேஜில் 'பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச்' என்று நெட்டுரு போட்டதற்குத் தமிழ்ப் புத்தகத்தில் மாற்றுச்சீட்டு. நகைக்கடனில் தங்கத்தின் தரம் பத்தரை மாற்று. சீட்டு, சாட்சி, வட்டி எதுவும் இல்லாமல் வாங்குவது கைமாற்று. (கைமாற்றாகக் கொடுத்தது திரும்பி வந்த கதை உங்களிடம் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்!)

நான் இருக்கும் துபாயில் தெருவுக்குத் தெரு எக்ஸ்சேஞ்ச் கடை. பலகையில் அரபியில் 'சராஃபா' என்று இருக்கும். காசு மாற்றுகிறவர் சர்ராஃப். அதுதான் ஆங்கிலத்தில் ஷ்ராஃப் ஆகி, தமிழில் சராப்பு ஆனது. கூட வேலை பார்க்கும் எகிப்துக்காரரிடம் கேட்டேன். அதே வேரில் பிறந்த 'ஸர்ஃப்' என்பது அரபு இலக்கணத்தில் சொல் உருமாறுவதைப் பற்றிய பாடத்துக்கும் பெயராம். காசு மாற்றுவதும் சொல் மாறுவதும் அவர்களுக்கு ஒரே வேர்.

நம் இலக்கணத்தில் அப்படி இல்லை. சொல் உருமாறுவதற்கு நாம் 'திரிபு' என்கிறோம். தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் மூன்று விகாரம் சொல்கிறதே, அதில் நடுவில் இருப்பது. வீட்டிலும் பால் கெட்டால் 'திரிஞ்சு போச்சு' என்போம், 'மாறிப் போச்சு' என்று சொல்ல மாட்டோம். எனக்குப் புரிந்தவரை, மாறுவதில் ஒன்று போனால் இன்னொன்று கைக்கு வரும். திரிவதில் பதிலுக்கு எதுவும் வராது, அதுவே வேறாகிவிடும்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம், எங்கள் ஊர் திருச்சானூர் போதும். திருப்பதிக்குப் பக்கத்தில், தாயார் கோயில் இருக்கும் ஊர். பல்லவர் காலத்திலிருந்தே இங்கே தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. திருப்பதி தேவஸ்தானம் 1930களில் தொகுதி தொகுதியாக வெளியிட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழே. அவற்றில் எங்கள் ஊர் திருச்சொகினூர் என்றும் திருச்சுகனூர் என்றும் வருகிறது. சுக முனிவர் இருந்த ஊர் என்று தலபுராணம் சொல்லும். பெருமகன் பெருமானாகவும் மருமகன் மருமானாகவும் ஆனதுபோல் சுகனூர் சானூர் ஆகியிருக்கலாம் என்பது என் கணக்கு.

தாயார் பெயரும் இப்படித்தான். நம்மாழ்வார் பாடலில் அவர் அலர்மேல்மங்கை, மலர்மேல் இருக்கும் பெண். அன்னமய்யா கீர்த்தனைகளில் அலமேலுமங்கா. தமிழர் வீடுகளில் அதுவும் சுருங்கி வெறும் அலமேலு. என் பாட்டி பெயர் அதுதான். யோசித்துப் பார்த்தால் 'மலர்மேல்' என்பது மட்டும் நிற்கிறது, மங்கையைக் காணோம்! பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "மங்கைதான் இங்க உட்கார்ந்து உனக்கு வடாம் போட்டுக்கிட்டு இருக்கேனே" என்றார்.

பெயர் திரிந்தது யாருக்கும் வலிக்கவில்லை. மாற்று நடந்ததுதான் வலித்தது.

வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்து 1911-ல் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அதனோடு போனது. 'வேங்கடத்தை விடமாட்டோம்' என்று ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார். கடைசியில் படாஸ்கர் பரிந்துரைப்படி 1959-ல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. பதிலுக்கு செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகள் ஆந்திராவுக்குப் போயின. திருப்பதி ஆந்திராவிலேயே நின்றது. சரியான பண்டமாற்று.

அப்பாவின் மூத்த அக்காவைத் திருத்தணியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணம் நடந்தபோது இரண்டு ஊரும் ஒரே மாவட்டம். அந்த ஏப்ரலில் அத்தை வாசற்படி தாண்டாமலே வேறு மாநிலத்துக்காரர் ஆகிவிட்டார். "எம் பொண்ணக் கொடுத்துட்டு எதை மாத்தி வாங்கினாங்க?" என்று தாத்தா வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

நான் படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து எனக்கு வந்தது அத்தை அனுப்பிய பழைய வாரப் பத்திரிகைகளாலும் அவர் போட்ட இன்லண்ட் லெட்டர்களாலும்தான். என் பதிலில் இருந்த பிழைகளை அடுத்த கடிதத்தில் வரிசையாக எழுதித் திருத்துவார். 'அலமேளு' என்று பாட்டி பெயரையே தப்பாக எழுதி ஒருமுறை மாட்டினேன். மகள் நோட்டில் அந்தச் சிவப்பு மையைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அத்தையின் கையெழுத்துதான். அவர் இல்லாமல் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

2022-ல் இன்னொரு முறை கோடு போட்டார்கள். இப்போது நாங்கள் திருப்பதி மாவட்டம். வீட்டு முகவரியில் 'சித்தூர் ஜில்லா' என்று எழுதி எழுதிப் பழகிய கைக்கு இன்னும் வரவில்லை.

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தோம். பத்ம சரோவரத்துப் பக்கம் பூக்காரம்மாவிடம் மகள் ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டி, நாங்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கை நினைவில் கொண்டுவந்து, "சில்லர உந்தா?" என்று கேட்டாள். சில்லறை தெலுங்கிலும் சில்லரதான். அந்தம்மா பெட்டியைத் துழாவினார். பத்து ரூபாய் குறைந்தது. தலையை ஆட்டிவிட்டு இன்னொரு துண்டு மல்லிகையை அளந்து கிள்ளி அவள் கையில் வைத்தார்.

"அப்பா, இது மாற்றமா சில்லறையா?" என்று தமிழில் கேட்டாள்.

"மாற்றுதான்" என்றது நான் இல்லை. பூக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியும்.