சியராவில் சுமந்தவர்கள்

1915 ஜூலை மாதம். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் பெரிய மனிதர்கள் சிலர் குதிரையிலும் கால்நடையாகவும் போய்க்கொண்டிருக்கிறார்கள். பின்னால் கோவேறு கழுதைகளின் நீண்ட வரிசை. அவற்றில் ஒன்றின் உடம்போடு ஒட்டினாற்போல ரொட்டி மாவைக் கட்டி வைத்திருக்கிறார்கள். விலங்கின் உடல் சூட்டில் மாவு பகல் முழுவதும் புளித்துப் பொங்கும். சாயங்காலம் கூடாரம் அடித்ததும் எடுத்துச் சுட வேண்டியதுதான். இந்த யோசனை டை சிங் என்ற சீனச் சமையல்காரருடையது. மூவாயிரம் மீட்டர் உயரத்தில், வெள்ளைத் துணி விரித்த மேசையில், அவர் சுடச்சுட ரொட்டியும் மீனும் பச்சைக் காய்கறியும் பரிமாறினார்.

அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர் ஸ்டீபன் மேதர். வெண்காரம் விற்றுப் பெரும் பணம் சேர்த்து, பிறகு அமெரிக்க உள்துறையில் பொறுப்பேற்றவர். தேசியப் பூங்காக்களைக் கவனிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அரசியல்வாதிகளையும் பத்திரிகைக்காரர்களையும் மலைக்கே அழைத்துவந்து மனம் மாற்றப் பார்த்தார். நேஷனல் ஜியாகிரபிக் இதழை நடத்திய கில்பர்ட் குரோவனரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று தேசியப் பூங்காச் சேவை பிறந்தது. அதில் டை சிங்கின் அடுப்புக்கும் பங்கு உண்டு என்று தயங்காமல் சொல்லலாம்.

சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் நுழையக் கூடாது என்று 1882இலேயே சட்டம் போட்ட நாடு அது. ஆனாலும் மலைகளை அளந்து வரைபடம் போட்ட அரசு நில அளவையாளர்களுக்குப் பல ஆண்டுகள் சோறு போட்டவர் டை சிங். அவர்கள் 1899இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஒரு சிகரத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். சிங் சிகரம் இன்றும் வரைபடத்தில் இருக்கிறது.

இன்று சியராவுக்குப் போகிறவர்களின் வழக்கம் வேறு. கூடாரம், படுக்கை, அடுப்பு, பத்து நாள் சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே பைக்குள் திணித்து, தன் முதுகில் தானே சுமந்து நடப்பது. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிலிருந்து 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரம் வரை செல்லும் ஜான் மியூர் பாதை ஏறக்குறைய 340 கிலோமீட்டர். நடந்து முடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். தனிமனிதனும் மலையும் மட்டும் என்ற இந்த நடைக்குப் பழமையின் சாயல் இருக்கிறது. உண்மையில் இது மிகவும் இளைய வழக்கம். அதற்கு முன் இந்த மலையில் சுமந்தவர்கள் வேறு. பாதை போட்டவர்களும் வேறு.

முதலில் சுமந்தவர்கள் பையூட் மக்கள். சியராவின் கிழக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலும் மோனோ ஏரிக் கரையிலும் வாழ்ந்தவர்கள். மழை மறைந்த வறண்ட நிலம் அது. மேற்குச் சரிவிலோ ஓக் மரங்கள் அடர்ந்து நின்றன. மீவோக் மக்களும் பிறரும் அவற்றின் கொட்டைகளை இடித்து, நீரில் ஊறவைத்துக் கசப்பை நீக்கி உணவாக்கினார்கள். ஒரு பக்கம் இருந்தது மறுபக்கம் இல்லை. ஆகவே ஒவ்வொரு கோடையிலும் பனி உருகியதும் கணவாய்கள் சந்தைச் சாலைகளாயின. கிழக்கிலிருந்து உப்பும் பைன் கொட்டையும் முயல்தோல் போர்வையும் மேற்கே ஏறின. மோனோ ஏரியின் உவர்நீரில் வளரும் ஈயின் கூட்டுப்புழுவை உலர்த்தி, அதையும் உணவுப் பண்டமாகக் கொண்டுபோனார்கள். கத்தியும் அம்பு முனையும் செய்ய உதவும் எரிமலைக் கண்ணாடி எல்லாவற்றிலும் மதிப்பான சரக்கு. அது உருவாகும் எரிமலைகள் கிழக்குப் பக்கம்தான், சில்லுகளோ மேற்குச் சரிவெங்கும் கிடைக்கின்றன. எதிர்த்திசையில் ஓக் கொட்டையும் கிளிஞ்சல் மணியும் கூடைகளும் வந்தன. கூம்பு வடிவக் கூடையை முதுகில் ஏற்றி, அதன் பட்டையை நெற்றியில் மாட்டி, 3,500 மீட்டர் உயரக் கணவாய்களைப் பெண்கள் கடந்தார்கள்.

ஆளற்ற மலை என்று பின்னால் வந்தவர்கள் எழுதியது இந்தச் சந்தைச் சாலையைத்தான். ஆளற்றுப்போனதற்குக் காரணம் உண்டு. 1851இல் மாரிபோசா படையினர் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் புகுந்து அங்கிருந்த மக்களை விரட்டினார்கள். 1863இல் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் பையூட் மக்களில் பெருந்தொகையினரை ராணுவம் தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்திக்கொண்டு போனது. மலை காலியாகவில்லை, காலி செய்யப்பட்டது.

அதன் பிறகு ஆட்டுமந்தைகள் வந்தன. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் மியூர் என்ற இளைஞர் 1869இல் சியராவின் உயரங்களில் முதன்முதலாகக் கோடையைக் கழித்ததும் ஒரு மந்தையோடுதான். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆடுகள். அந்த ஆடுகள் புல்வெளிகளை மொட்டையடிப்பதைப் பார்த்த அவர், பிற்காலத்தில் அவற்றை வெட்டுக்கிளிக் கூட்டத்தோடு ஒப்பிட்டு எழுதினார். மந்தைகளை விரட்ட 1891 முதல் குதிரைப்படை கோடைதோறும் யோசெமிட்டியில் காவல் சுற்றியது. வீரர்கள் வழி தவறாமலிருக்க மரப்பட்டையில் ‘டி’ எழுத்தைச் செதுக்கிக்கொண்டே போனார்கள். பழங்குடிகளின் தடம், ஆட்டிடையர் தடம், ராணுவத் தடம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தவைதான் சியராவின் பாதைகள்.

மியூர் தனியாகச் சுற்றும்போது ரொட்டியும் தேயிலையும் போதும் என்று கிளம்பிவிடுவார். போர்வைகூட இல்லாமல் நெருப்பருகே படுத்துக்கொள்வார். அந்தத் துணிவு எல்லோருக்கும் வராது. மலைத்தொடரின் முகட்டை ஒட்டியே நெடுக நடக்கலாம் என்ற எண்ணம் முதலில் உதித்தது இன்னொருவர் மனதில். 1884இல் பதினான்கு வயது தியோடர் சாலமன்ஸ், ஃபிரெஸ்னோ பக்கம் மாமாவின் மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தபோது, கிழக்கே தொடுவானத்தில் பனிமலை வரிசையைக் கண்டார். அதன் உச்சியிலேயே வடக்கிலிருந்து தெற்குவரை போய்விட வேண்டும் என்ற ஆசை அன்றே பற்றிக்கொண்டது. 1892இல் வழி தேடத் தொடங்கினார். 1895இல் எர்னஸ்ட் பானர் என்ற நண்பருடன் போனபோது, சுமை விலங்குகள் ஏற முடியாத இடம் வந்தது. இருவரும் அவற்றை விட்டுவிட்டு, தேவையானதை மட்டும் முதுகில் கட்டிக்கொண்டு காடார்டு சிகரம் ஏறி, மறுபக்கப் பிளவுகளில் இறங்கினார்கள். வழியில் கண்ட சிகரங்களுக்கு டார்வின், ஹக்ஸ்லி, வாலஸ், ஹெக்கல், ஸ்பென்சர், ஃபிஸ்க் என்று பெயரிட்டார் சாலமன்ஸ். பரிணாமக் கொள்கையோடு தொடர்புடைய அறிஞர்களின் பெயர்கள் அவை. அந்த இடம் இன்றும் எவல்யூஷன் பள்ளத்தாக்குதான். சாலமன்ஸ் விட்ட இடைவெளிகளை ஜோசப் லெகாண்ட் போன்றவர்கள் நிரப்பினார்கள். 1908இல் லெகாண்ட் தம் இரு தோழர்களோடும் சுமை விலங்குகளோடும் யோசெமிட்டியிலிருந்து கிங்ஸ் கேன்யன் வரை 28 நாளில் வந்து சேர்ந்தார்.

இதற்குள் மலைக்குப் போவது ஒரு கூட்டு விழாவாகவே மாறியிருந்தது. 1892இல் மியூரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய சியரா கிளப், வில்லியம் கோல்பி என்ற வழக்கறிஞரின் முயற்சியால் 1901இல் டூவாலமி புல்வெளிக்கு முதல் ‘ஹை ட்ரிப்’ பயணத்தை நடத்தியது. ஏறக்குறைய நூறு பேர் போனார்கள்; பிந்திய ஆண்டுகளில் இருநூறு பேர்கூடப் போனதுண்டு. பெண்கள் கணிசம். பாவாடை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் நின்றால் போதும் என்று அவர்களுக்கு அறிவுரை போனது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சலுகை. உறுப்பினர்கள் கைவீசி நடந்தார்கள். இரும்பு அடுப்பும் மாவு மூட்டையும் படுக்கைச் சுருளும் கோவேறு கழுதைகளின் மேல் போயின. விடியுமுன் எழுந்து, சுமையைச் சமன் பார்த்து, சாய்சதுர வடிவ முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டிய ‘பேக்கர்’ என்ற சுமைகட்டிகளின் கைவேலை இல்லாமல் அந்தக் கூட்டம் ஒரு கணவாயைக்கூடத் தாண்டியிருக்காது.

நிரந்தரப் பாதை ஒன்று வேண்டும் என்ற கோரிக்கையும் இத்தகைய பயணம் ஒன்றின்போது 1914இல் எழுந்ததுதான். அந்த டிசம்பர் 24 அன்று மியூர் இறந்தார். மறு ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் அவர் பெயரில் பாதை போட 10,000 டாலர் ஒதுக்கியது. மாநிலப் பொறியாளர் வில்பர் மெக்ளூர் வழியைத் தீர்மானித்தார். வேலை இருபத்து மூன்று ஆண்டு நீண்டது. நல்ல வேலைக்காலம் கோடையில் சில வாரங்கள்தான். அதிலும் மதியத்தில் இடியும் மின்னலும். முகட்டின் கருங்கல் பாறையைத் துளையிட்டு, வெடிவைத்து, கைச்சுவர் கட்டி, ஒரு கழுதை நடக்கும் அகலத்துக்குக் கொண்டை ஊசி வளைவுகளை ஏற்றினார்கள். 4,009 மீட்டர் உயரமுள்ள ஃபாரஸ்டர் கணவாயில் 1930இல் வேலை நடந்தபோது பாறையில் கை நசுங்கிப் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அவர் நினைவாக அங்கே ஒரு பலகை இருக்கிறது. கடைசித் துண்டு பாலிசேட் ஓடையின் தலைமாட்டில், செங்குத்துப் பாறையில் வெட்டிய ‘பொன் படிக்கட்டு’. அது முடிந்தது 1938இல், மியூர் பிறந்த நூறாவது ஆண்டில். தியோடர் சாலமன்ஸ் அப்போது உயிரோடு இருந்தார்.

பாதை வந்தும் சுமை முதுகுக்கு வரவில்லை. அன்றைய மரச்சட்ட முதுகுப்பைகள் முழுக் கனத்தையும் தோளில் இறக்கின. இரண்டு நாளில் தோள்பட்டை புண்ணாகிவிடும். 1951இல் டிக் கெல்டி என்ற தச்சர் நண்பருடன் சியராவில் நடந்துகொண்டிருந்தார். பைச் சட்டத்தின் கீழ்முனைகளைக் கால்சட்டையின் பின்பைகளுக்குள் செருகிப் பார்த்தபோது, தோளின் பாரம் சட்டென்று இறங்கி இடுப்பில் உட்கார்ந்தது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடக்கும் நம் ஊர்ப் பெண்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்த சூட்சுமம்தான் இது. மறு ஆண்டு கிளெண்டேலில் உள்ள வீட்டு கராஜில் அலுமினியக் குழாய்களை வளைத்துச் சட்டம் செய்தார் கெல்டி. மனைவி நீனா பைகளைத் தைத்தார். விலை 24 டாலர். அந்த ஆண்டு விற்றவை 29 பைகள். பதினோரே ஆண்டுகளில் அவருடைய பைகள் எவரெஸ்ட் ஏறிய 1963ஆம் ஆண்டு அமெரிக்கக் குழுவோடு இமயத்துக்குப் போயின. உலகப் போர் முடிந்தபின் மலிவாகக் கிடைத்த நைலானும் அலுமினியமும், இடுப்புப் பட்டையும் சேர்ந்துதான் தனிநடையைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தன. மலை இலக்கியம் கவிஞர்களைக் கொண்டாடும் அளவுக்கு இந்தக் கராஜைக் கொண்டாடவில்லை என்பது குறைதான்.

விலங்குகளின் கூட்டத்துக்கு எதிர்ப்பும் அதே காலத்தில் வளர்ந்தது. நூற்றுக்கணக்கான மனிதர்களும் விலங்குகளும் ஒரே புல்வெளியில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை 1940களில் கிளப்பைச் சேர்ந்தவர்களே கவலையோடு ஆராய்ந்தார்கள். குளம்பு பட்ட இடங்களில் வாய்க்கால் விழுந்து, ஈரம் வடிந்து, புல்வெளி காய்ந்தது. ஆட்டுமந்தைகள் மேல் மியூர் சுமத்திய அதே குற்றம். குழுக்கள் படிப்படியாகச் சிறுத்தன. 1972இல் ஹை ட்ரிப் நின்றது.

இடையில் 1964 செப்டம்பர் 3 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் வனாந்தரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதை எழுதிய ஹோவர்டு ஜானிசர் நான்கு மாதம் முன்பே இறந்துவிட்டார். முதல் நாளிலேயே 91 லட்சம் ஏக்கர் அதன் பாதுகாப்பில் வந்தது. சியராவின் ஜான் மியூர் வனாந்தரமும் அதில் அடக்கம். சாலையில்லை, மோட்டார் இல்லை, கட்டடமில்லை. இந்தச் சட்டம் இல்லாதிருந்தால் சியராவின் குறுக்கே இன்னும் எத்தனையோ நெடுஞ்சாலைகள் ஓடியிருக்கக்கூடும். அதன் நன்மையை எவ்வளவு சொன்னாலும் தகும். ஆனால் மனிதன் வந்துபோகும் விருந்தாளி மட்டுமே, அங்கே தங்குபவன் அல்ல என்ற அதன் வரையறைக்குள் பையூட் மக்களுக்கு இடமே கிடையாது. காலி செய்யப்பட்ட நிலத்தைச் சட்டம் எப்போதும் காலியாகவே இருந்த நிலமாக்கிவிட்டது.

கெல்டியின் பையோடு கூட்டம் பெருகியதும் 1970களில் அனுமதிச் சீட்டு வந்தது. பிறகு கரடி திறக்க முடியாத உணவுக் குடுவை, உயரமான இடங்களில் விறகுத் தீக்குத் தடை என்று விதிகள் கூடின. யோசெமிட்டியிலிருந்து டோனஹியூ கணவாய் வழியே தெற்கே போகிறவர்கள் நாளொன்றுக்கு 45 பேர் என்று 2015இல் வரம்பு கட்டினார்கள். பனி உடைத்த படிகளையும் விழுந்த மரங்களையும் ஒவ்வொரு கோடையிலும் சரிசெய்பவர்கள், மோட்டார் கூடாது என்பதால், இருவர் இழுக்கும் ரம்பத்தோடு வேலை செய்கிறார்கள். தன் சுமையைத் தானே சுமப்பவரின் காலடிக்குக் கீழே அவர்கள் உழைப்பு கிடக்கிறது.

2018இல் பையூட் பெண்களும் அடங்கிய பழங்குடிப் பெண்கள் குழு ஒன்று இந்தப் பாதையில் நடந்தது. அவர்கள் இதை ஜான் மியூர் பாதை என்று சொல்வதில்லை. தங்கள் மக்களின் பெயரால் ‘நூமூ போயோ’ என்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து, பழங்குடி மக்களைப் பற்றி மியூர் இழிவாக எழுதியவை உண்டு என்பதைச் சியரா கிளப் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அரசு வரைபடத்தில் பெயர் மாறவில்லை. வழியில் உணவு தீர்ந்துபோகும் நடைக்காரர்கள் இன்றைக்கும் முகட்டிலிருந்து விலகி, பையூட் மக்களின் சரக்கு போய்வந்த கேர்சார்ஜ் கணவாயைக் கடந்து, கிழக்கே இண்டிபெண்டன்ஸ் ஊருக்கு இறங்கி, அரிசியும் மாவும் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறுகிறார்கள்.