ஒழுங்கையும் அரங்கும்: கொழும்பு உதைபந்தாட்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு விளையாட்டின் வரலாறு வெற்றிக் கிண்ணங்களின் வரிசை மட்டுமன்று. அதனை ஆடியோர் யாவர், எந்நிலத்தில் ஆடினர், எவர் செலவில் ஆடினர் என்னும் வினாக்களும் அவ்வரலாற்றின் பாற்பட்டனவே. இலங்கை உதைபந்தாட்டத்தை இவ்வாறு ஆராய்வோர்க்குக் கொழும்பு மாநகரே முதற்சான்றாக அமைகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பிரித்தானியப் படையினர் காலிமுகத்திடலில் ஆடிய ஆட்டம் இது. கிரிக்கெட்டும் அவர்கள் கொணர்ந்ததே. ஆயின் கிரிக்கெட்டுக்குச் செப்பனிட்ட ஆடுகளமும் விலையுயர்ந்த கருவிகளும் நீண்ட ஓய்வும் வேண்டும். உதைபந்தாட்டத்துக்கு ஒரு பந்தும் சிறிது வெளியும் போதுமானவை. எனவே முன்னையது உயர்தரக் கல்லூரிகளிலும், பின்னையது உழைக்கும் மக்களின் குடியிருப்புகளிலும் ஆழ வேரூன்றின. 1918இல் தோன்றிய சோண்டர்ஸ் கழகம் புறக்கோட்டைக்கு உரியது. கொம்பனித்தெருவின் ஜாவா லேன் கழகமோ தன் ஒழுங்கையின் பெயரையே தன் பெயராகக் கொண்டது.

இவ்வகையிற் கொட்டாஞ்சேனைக்குத் தனியிடம் உண்டு. துறைமுகத்தை அண்டிய இப்பகுதியில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், கொழும்புச் செட்டிமார் எனப் பலரும் நெருங்கி வாழ்கின்றனர். 1865இல் நிறுவப்பெற்ற புனித பெனடிக்ற் கல்லூரி இங்கு உதைபந்தாட்டத்தின் நாற்றங்காலாக விளங்கியது. ரினோன், இரத்தினம் ஆகிய இரு கழகங்களும் இம்மண்ணிலேயே வளர்ந்தன. ரினோன் 1990களின் முற்பகுதியிலும், இரத்தினம் 2000, 2007ஆம் ஆண்டுகளிலும் தேசிய வாகை சூடின. ஒரே வட்டாரத்து இரு கழகங்கள் நாட்டின் முதன்மையை எய்தியமை தற்செயலன்று. பள்ளி, தெரு, கழகம் என்னும் மூன்று படிகளும் நடைதூரத்தில் அமைந்தமையின் பயனே அது.

நிருவாக வரலாறு வேறொரு பாதையிற் சென்றது. தேசியச் சங்கம் 1939இல் அமைந்தது. 1952இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் மோதிய கொழும்புக் கிண்ணப் போட்டி இந்நகரில் நடைபெற்றது. இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. இதன்பின் இலங்கை அடைந்த பெருவெற்றிக்கு நாற்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1995இல் கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள சுகததாச விளையாட்டரங்கில் நடைபெற்ற தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில், மேலதிக நேரத்திற் பெற்ற ஒரே கோலினால் இந்தியாவை இலங்கை வென்றது.

அவ்வெற்றி மறக்கப்பட்ட விதமே சிந்தனைக்குரியது. ஓராண்டுக்குள், 1996 மார்ச்சில், இலங்கை கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்றது. 1981இல் ரெஸ்ற் தகுதி பெற்றிருந்த கிரிக்கெட்டிடம், வெற்றியைப் பொருளாக மாற்றவல்ல தொலைக்காட்சி உரிமைகளும் வணிக நிறுவனங்களின் ஆதரவும் இருந்தன. உதைபந்தாட்டத்திடம் அவை இல்லை. ஆகவே ஒரு வெற்றி தொழிலாக வளர, மற்றொன்று நினைவாகத் தேய்ந்தது.

தொழில்முறை ஆட்டத்துக்கான முயற்சி 2021இல் சுப்பர் லீக் என்னும் பெயரில் பத்துக் கழகங்களுடன் தொடங்கிற்று. கொட்டாஞ்சேனையின் இரு கழகங்களும் அதில் இடம்பெற்றன; வடக்கு, கிழக்கு மாகாணங்களிலிருந்து ஒரு கழகமேனும் இடம்பெறவில்லை. இளவாலை புனித ஹென்றியரசர், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார், தெல்லிப்பழை மகாஜனா முதலிய கல்லூரிகள் தலைமுறை தலைமுறையாக வீரர்களை உருவாக்கிய மண்ணுக்கு நேர்ந்த நிலை இது. 2009இற் போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும், திறமை விளையும் இடத்துக்கும் பணம் சேரும் இடத்துக்கும் இடையிலான தூரம் குறையவில்லை. 2023 ஜனவரியில், வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி, உலகச் சம்மேளனமாகிய ஃபீஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ற் இறுதியிலேயே தடை நீங்கிற்று. நிருவாகத்தினர் பிணக்குக்கு விலை கொடுத்தோர் சர்வதேச ஆட்டங்களை இழந்த வீரர்களே.

வெள்ளவத்தை இவ்வரலாற்றின் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் தம் கல்லூரிகளின் ஆட்டப்பற்றையும் உடன் கொணர்ந்தன. ஆயினும் கடலுக்கும் காலி வீதிக்கும் இடையே தொடர்மாடிகள் நெருங்கி எழுந்த நிலத்தில் மைதானத்துக்கு இடமில்லை. புகையிரதப் பாதைக்கு அப்பாலுள்ள ஒடுங்கிய கடற்கரையே சிறுவர்க்கு எஞ்சியது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் செயற்கைப் புற்றரைகள் நகரிற் பெருகியுள்ளன. அவை பணமுள்ளோர்க்கே பயன்படுகின்றன. ஏழையின் ஆட்டமாக வளர்ந்தது கட்டணம் செலுத்தி ஆடும் ஆட்டமாக மாறுவது முரண்பாடேயாம்.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். கொட்டாஞ்சேனையின் வெற்றிகளை ஈட்டித் தந்தவை பெருந்திட்டங்களல்ல. அருகருகே அமைந்த பள்ளியும் திறந்தவெளியும் கழகமுமே. ஒரு படி தகர்ந்தால் மேற்படி நிலைக்காது. ஒழுங்கைச் சிறுவனுக்கு ஒரு மைதானத்தையும், வடக்கு கிழக்கு வீரனுக்குத் தேசிய அரங்கில் ஓர் இடத்தையும் உறுதிசெய்யாத எந்தத் தொழில்முறைத் திட்டமும் அத்திவாரமின்றி எழுப்பிய மாளிகையாகவே முடியும்.