மருந்தின் குற்றமா, இரத்தத்தின் குணமா?

பினாங்கு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து 'ஜி6பிடி' சோதனை செய்கிறார்கள். குறை இருந்தால், ஆகாத மருந்துகள் எவை என்று சொல்லி, துணிப் பெட்டியில் அந்துருண்டை போடவேண்டாம் என்றும் எச்சரிப்பார்கள். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? மலேரியாவிலிருந்து!

தோட்டத்தில் கொயினா விழுங்கிய தலைமுறைக்கு அந்தக் காய்ச்சலை விளக்க வேண்டியதில்லை. கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொயினா தொடாது. அதைக் கொல்ல வந்ததுதான் பிரிமாகுயின். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறைக் கைதிகளிடம் அதைச் சோதித்தார்கள். (கைதிகள் சம்மதித்தார்களாம். சிறைக்குள் சம்மதம் என்பதற்கு என்ன பொருள் என்பதைத் தனியாகத்தான் விவாதிக்க வேண்டும்.) கறுப்பினத்தவர் சிலருக்கு மட்டும் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்தது.

மருந்தின் குற்றமா, உடம்பின் குற்றமா? 1954-இல் ஓர் அழகான சோதனை நடந்தது. பாதிக்கப்பட்டவரின் சிவப்பணுக்களுக்கு அடையாளமிட்டு, மருந்து ஒத்துக்கொள்ளும் ஒருவர் உடலில் ஏற்றினார்கள். பிறகு மருந்து கொடுத்தார்கள். ஏற்றிய அணுக்கள் அங்கேயும் உடைந்தன! ஆக, குறை அணுவுக்குள்தான். 1956-இல் அந்த நொதி பிடிபட்டது. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்பிள்ளைகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

மஞ்சள் காமாலை மூளையைத் தாக்கிய குழந்தைகளைக் கண்டு சிங்கப்பூர் 1965-இல் தொப்புள்கொடி சோதனையைத் தொடங்கியது. நம் நாட்டுக்கு அது 1980-களில் வந்தது. சோதனை நொதியைத்தான் அளக்கிறது, மரபணுவை நேரே படிப்பதில்லை. ஆனாலும் பிறப்பைப் பார்த்து மருந்தை முடிவு செய்வதுதான் இது.

அடுத்தது வலிப்பு மருந்து கார்பமசபின். சிலருக்கு அது தோலையே உரித்துவிடும், உயிரும் போகலாம். 2004-இல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருந்தது. மருந்து ஒத்துக்கொண்ட 101 பேரில் 3 பேரிடம் மட்டுமே இருந்தது. 2013-இல் சிங்கப்பூர் இச்சோதனையை ஆசிய வம்சத்தவருக்கு வழக்கமாக்கியது. சீனருக்கு மட்டும் உரிய சங்கதி என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. 2009-இல் இந்தியாவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பாதிக்கப்பட்ட 8 பேரில் 6 பேரிடம் அதே வகை இருந்தது. தொப்புள்கொடி சோதனை இதைக் காட்டாது. உங்கள் வீட்டில் யாருக்காவது இம்மருந்தைப் புதிதாக எழுதினால், முதல் மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் இந்தச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள்.