கர்ப்பத்தின் 40 வாரங்கள்: வயிற்றில் குழந்தை எப்படி வளர்கிறது? தவறவிடக் கூடாத வாரங்கள் எவை?

"நாள் தள்ளிப் போய் 15 நாள்தானே ஆகுது, சீட்டுல 6 வாரம்னு போட்டிருக்கே?" முதல் முறை செக்கப்புக்குப் போகும் பல பெண்களுக்கு வரும் சந்தேகம் இது. டாக்டர் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. கர்ப்பத்தின் காலண்டர் நாம் நினைப்பதைவிட முன்னாடியே தொடங்கிவிடுகிறது. அது முடிவதும் நாம் நினைப்பதைவிட கொஞ்சம் தாமதமாகத்தான்.

இந்த இரண்டும் புரிந்தால், எந்த மாத்திரையை எப்போது தொடங்க வேண்டும், எந்த ஸ்கேனை தள்ளிப் போடக் கூடாது, பிரசவ தேதியில் ஏன் அவசரப்படக் கூடாது என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். விரிவாகப் பார்க்கலாம்.

கணக்கு எங்கே தொடங்குகிறது?

கரு உருவான நாளைத் துல்லியமாகச் சொல்வது கஷ்டம். ஆனால் கடைசியாக மாதவிடாய் வந்த தேதி பெரும்பாலும் நினைவில் இருக்கும். அதனால் அந்த மாதவிடாயின் முதல் நாளில் இருந்துதான் கர்ப்ப வாரத்தை எண்ணுகிறார்கள். உண்மையில் கரு உருவாவது அதற்கு சுமார் 2 வாரம் கழித்து. அதாவது 6 வாரம் என்று சீட்டில் இருந்தால், கருவின் வயது 4 வாரம்தான்.

மொத்தக் கணக்கு 40 வாரம், 280 நாள். 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் சரியாக 10 மாதம் வரும். "பத்து மாசம் சுமந்து பெத்தவ" என்று நம் வீடுகளில் சொல்வதும் கணக்குப்படி சரிதான்.

முதல் 4 வாரம்: யாருக்கும் தெரியாத வேலை

கருமுட்டையும் விந்தணுவும் சேருவது கருக்குழாயில். அங்கே உருவாகும் ஒற்றை செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பிரிந்துகொண்டே கருப்பைக்கு நகர்கிறது. சுமார் ஒரு வாரத்தில் கருப்பைச் சுவரில் ஒட்டிப் பதிகிறது. அதன் பிறகுதான் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரக்கும். வீட்டில் சிறுநீரை வைத்துப் பார்க்கும் கிட் காட்டுவது இந்த ஹார்மோனைத்தான். கரு பதிவதற்கு முன்பே டெஸ்ட் செய்தால் நெகட்டிவ் வருவதற்கு இதுதான் காரணம்.

ஆணா, பெண்ணா என்பதும் கரு உருவாகும் அந்த நொடியிலேயே முடிவாகிவிடும். கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். விந்தணுவில் எக்ஸ் இருந்தால் பெண், ஒய் இருந்தால் ஆண். "பொண்ணாவே பெத்துட்டா" என்று மருமகளைத் திட்டுவதில் அறிவியல்படி எந்த நியாயமும் இல்லை. ஸ்கேனில் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் 1994-ம் ஆண்டு சட்டப்படி குற்றம்.

5 முதல் 10 வாரம்: அஸ்திவாரம்

கர்ப்பத்தில் மிக நுட்பமான வேலை நடப்பது இந்த 6 வாரங்களில். தட்டையாக இருக்கும் கருவின் நடுப்பகுதி மடிந்து ஒரு குழாயாகிறது. இதை நரம்புக் குழாய் என்கிறார்கள். இதன் மேல்பகுதிதான் பின்னாளில் மூளை, கீழ்ப்பகுதி தண்டுவடம். கர்ப்பக் கணக்கில் 6-வது வாரம் நிறைவதற்குள், அதாவது நாள் தள்ளிப் போன சுமார் 2 வாரத்தில், இந்தக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் முதுகெலும்பில் பிளவு, மூளை வளராமல் போவது போன்ற பெரிய குறைகள் வரலாம்.

இந்தக் குழாய் மூட உதவுவது ஃபோலிக் அமிலம். பலர் டாக்டரைப் பார்த்து மாத்திரையைத் தொடங்கும்போது குழாய் மூடும் நாட்கள் கடந்துவிடுகின்றன. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே, கரு உருவாவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது, தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை எடுக்கச் சொல்கிறார்கள். முதல் குழந்தைக்கு இந்தக் குறை இருந்த தாய்மாரிடம், அதிக டோஸ் மாத்திரை கொடுத்து பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்திய ஆய்வு 1991-ல் வெளியானது. அடுத்த குழந்தைக்கும் அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. இப்படி குறை இருந்த குடும்பம் என்றால் டோஸை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தச் சத்துக்கு ஒரு இந்தியத் தொடர்பும் உண்டு. 1920-களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பம்பாய் வந்தார். மில் தொழிலாளர் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வந்த கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அது குணமானது. அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று தெரிய வந்தது. கீரை இலையில் இருந்து பிரித்தெடுத்ததால், இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து இந்தப் பெயர் வந்தது.

இதே வாரங்களில்தான் கருவின் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 6 வாரத்தை ஒட்டி எடுக்கும் ஸ்கேனில் அந்தத் துடிப்பைப் பார்க்க முடியும். கை, கால் மொட்டுகள் முளைத்து, விரல்கள் பிரிகின்றன. 10 வாரம் முடியும்போது நீளம் சுமார் 3 செ.மீ.தான். ஆனால் முக்கிய உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டாகிவிட்டது.

அஸ்திவாரம் போடும் நேரத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு தாலிடோமைடு ஒரு பாடம். 1950-களின் கடைசியில், தூக்கத்துக்கும் மசக்கை வாந்திக்கும் என்று பல நாடுகளில் விற்கப்பட்ட மாத்திரை அது. கரு உருவான 3 முதல் 5 வாரத்துக்குள் அதை எடுத்தவர்களுக்கு, கை கால் முழுதாக வளராத குழந்தைகள் பிறந்தன. உலகம் முழுக்க 10,000-க்கும் அதிகமான குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். மெடிக்கலில் கேட்டு நாமே மாத்திரை வாங்கிப் போடக் கூடாது என்பது இதனால்தான். அதேபோல வலிப்பு, தைராய்டு, பிரஷர் மாத்திரைகளைப் பயந்துபோய் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்வதுதான் சரி.

11 முதல் 20 வாரம்: உருவமும் முதல் அசைவும்

இனி வளர்ச்சியும் செதுக்கலும்தான். குழந்தைக்கு உணவும் ஆக்சிஜனும் நஞ்சுக்கொடி வழியாகப் போகிறது. தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. ஆனாலும் மது, சிகரெட்டின் நிக்கோட்டின், பல மருந்துகள் இந்தத் தடுப்பைத் தாண்டிவிடும்.

3-வது மாதம் முடியும்போது குழந்தையின் சிறுநீரகம் வேலையைத் தொடங்கியிருக்கும். குழந்தை பனிக்குட நீரை விழுங்கும், சிறுநீராக அதையே வெளியேற்றும். கர்ப்பத்தின் பின்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். 'தண்ணி குறைவா இருக்கு' என்று ஸ்கேனில் வந்தால் டாக்டர்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆதாரில் பதியப் போகும் கைரேகையும் 5-வது மாதம் முடிவதற்குள் உருவாகிவிடும்.

இந்தக் கட்டத்தில் 2 ஸ்கேன் முக்கியம். முதலாவது 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் என்.டி. ஸ்கேன். குழந்தையின் பின்கழுத்தில் உள்ள நீரின் தடிமனை அளந்து, டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறைகளுக்கான வாய்ப்பைக் கணிப்பார்கள். அந்த வாரம் போனால் இந்த அளவை மறுபடி எடுக்க முடியாது. இரண்டாவது 18 முதல் 20 வாரத்தை ஒட்டி எடுக்கும் அனாமலி ஸ்கேன். மூளை, இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று இதைத் தள்ளிப் போட்டால், குறை இருந்தால் முடிவெடுக்கவும், பிரசவத்தை எந்த மருத்துவமனையில் வைத்துக்கொள்வது என்று திட்டமிடவும் கிடைக்கும் நேரம் குறைந்துவிடும்.

20 வாரத்தில் குழந்தையின் எடை சுமார் 300 கிராம். முதல் பிரசவம் என்றால் 18-20 வாரத்தில், இரண்டாவது என்றால் கொஞ்சம் முன்பே, வயிற்றுக்குள் மீன் துள்ளுவது போல முதல் அசைவு தெரியும்.

21 முதல் 28 வாரம்: வளையல் சத்தம் கேட்குமா?

கேட்கும். 6-வது மாதத்தின் பின்பாதியில் குழந்தை வெளிச்சத்தத்துக்கு அசையத் தொடங்கும். 7-வது மாத வளைகாப்பில் கை நிறைய வளையல் அடுக்குவது சடங்குதான். ஆனால் அந்த நேரத்தில் குழந்தைக்குக் காது கேட்கும் என்பது உண்மை. அம்மாவின் குரலைத்தான் அது அதிகம் கேட்கிறது. பிறந்த குழந்தை அம்மா குரலுக்குத் தனியாகத் திரும்புவதும் இதனால்தான்.

28 வாரத்தில் எடை சுமார் 1 கிலோ. கண்ணைத் திறந்து மூடும். இனி எடை வேகமாக ஏறும் என்பதால் இரும்புச் சத்துத் தேவையும் ஏறும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேல், 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால்தான் 4-வது மாதத்தில் இருந்து தினமும் ஒன்று என 180 நாளுக்கு இரும்புச் சத்து மாத்திரையை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் சத்து சரியாக உடம்பில் சேராது. எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய் நல்ல துணை. மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரை டெஸ்டும் உண்டு. முதல் செக்கப்பில் நார்மல் என்று வந்திருந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும். தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை குழந்தைக்கும் போகும். அது கூடினால் குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாகி பிரசவத்தில் சிக்கல் வரலாம்.

'ரெண்டு உசுருக்கு சாப்பிடணும்' என்பார்கள். அதற்காக ரெண்டு மடங்கு சாப்பாடு தேவையில்லை. 4-வது மாதத்துக்குப் பிறகு தினமும் சுமார் 350 கலோரி கூடுதலாகப் போதும். அதில் பருப்பு, முட்டை, மீன், பால், கீரை இருப்பதுதான் முக்கியம். குங்குமப்பூவால் குழந்தையின் நிறம் மாறாது. நிறத்தை முடிவு செய்வது மரபணு.

'ஏழாம் மாசம் தங்கும், எட்டாம் மாசம் தங்காது': உண்மையா?

இல்லை. பண்டைய கிரேக்கத்திலும் இதே நம்பிக்கை இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடவே செய்யும். 8-வது மாதக் குழந்தை 7-வது மாதக் குழந்தையைவிட எப்போதும் வலுவானது.

காரணம் நுரையீரல். மூச்சு விடும்போது நுரையீரலின் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் வேண்டும். இது 24 வாரத்தை ஒட்டிச் சுரக்கத் தொடங்கி, 34-35 வாரத்தில்தான் போதிய அளவுக்கு வரும்.

1963 ஆகஸ்ட் 7-ம் தேதி அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு மகன் பிறந்தான். பெயர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்கூட்டியே பிறந்த அந்தக் குழந்தையின் எடை சுமார் 2.1 கிலோ. அதிபரின் மகனாக இருந்தும் மூச்சுத் திணறலில் 2 நாளில் இறந்தது. இன்று அதே வாரத்தில், அதே எடையில் பிறக்கும் குழந்தைகள் மிகப் பெரும்பாலும் பிழைத்து வீடு திரும்புகின்றன. இடையில் வந்தவை 2 விஷயங்கள். முன்கூட்டியே பிரசவம் ஆகும் என்று தெரிந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். நியூசிலாந்து மருத்துவர்கள் லிக்கின்ஸ், ஹோவி 1972-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி காட்டியது. பிறந்த பிறகு தேவைப்பட்டால் சர்ஃபாக்டன்ட்டையே குழந்தைக்குச் செலுத்துகிறார்கள். மாதம் நிறையாமல் வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது இந்த ஊசிக்கு நேரம் கிடைக்கத்தான்.

37 முதல் 40 வாரம்: நல்ல நேரம் எது?

37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைப்பிரசவம். சரி, 37 வந்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. 35 வாரத்தில் மூளையின் எடை, 39-40 வாரத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். கடைசி வாரங்களில்தான் மூளையும் நுரையீரலும் ஃபைனல் டச் பெறுகின்றன. தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்ந்து, உடல் சூட்டைத் தக்கவைக்கும் திறன் வருகிறது.

தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன் என்கிறது அதே தேசிய ஆய்வு. தாய்க்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் சிசேரியன் உயிர் காக்கும் சிகிச்சை. அதில் தயங்கவே கூடாது. ஆனால் நட்சத்திரம், நல்ல நேரம் பார்த்து நாள் குறிப்பது வேறு. மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுத்தால், குழந்தைக்கு மூச்சுத் திணறல் வந்து இன்குபேட்டரில் வைக்க வேண்டிய வாய்ப்பு கூடுகிறது. வீட்டுப் பெரியவர்கள் நாள் பார்த்தே ஆக வேண்டும் என்றால், 39 வாரம் முடிந்த பிறகு வரும் நாளைப் பார்க்கச் சொல்லலாம்.

டாக்டர் எழுதித் தரும் பிரசவ தேதியும் உத்தேசம்தான். சரியாக அந்தத் தேதியில் பிறப்பது 100-ல் 4, 5 குழந்தைகள்தான்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

* ரத்தப்போக்கு, அல்லது பனிக்குட நீர் வெளியேறுவது
* விடாத தலைவலி, கண் மங்குவது, முகம், கை திடீரென வீங்குவது
* காய்ச்சல், கடும் வயிற்று வலி, வலிப்பு
* குழந்தையின் அசைவு குறைவது

கடைசியில் சொன்னதில் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. "நிறைமாசம், உள்ள இடம் இல்ல, அதான் அசையல" என்பார்கள். அசைவின் விதம் மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது. 28 வாரத்துக்குப் பிறகு சந்தேகம் வந்தால் சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணிப் பாருங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு வராவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-க்கு போன் செய்யலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

* திட்டமிடும்போதே: ஃபோலிக் அமிலம்
* நாள் தள்ளியதும்: டெஸ்ட். பாசிட்டிவ் என்றால் டாக்டர் அல்லது கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு. பிக்மி பதிவு எண் பின்னாளில் பிறப்புச் சான்றிதழுக்கும் தேவை
* 11-14 வாரம்: என்.டி. ஸ்கேன்
* 4-வது மாதம் முதல்: இரும்புச் சத்து மாத்திரை
* 18-20 வாரம்: அனாமலி ஸ்கேன்
* 24-28 வாரம்: சர்க்கரை டெஸ்ட்
* 28 வாரம் முதல்: அசைவில் கவனம்
* 39 வாரம் வரை: காரணம் இல்லாமல் அவசரம் வேண்டாம்

உங்கள் வீட்டில் யாராவது மாசமாக இருந்தால், அடுத்த செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "இப்போ எத்தனையாவது வாரம்?" இனி செய்ய வேண்டிய எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.